சிவப்புத் துணியைக் கண்டு நின்றவன்

தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். முழங்காலுக்கு வந்ததும் மொட்டை. தொடைக்கு ஏறியதும் காவடி. மொட்டைக்கெல்லாம் அவர் மசியமாட்டார் என்று எனக்கே தெரியும். என் தலையில் பாதியை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்பர்களே, வெள்ளிக்கிழமை பஜனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, சுண்டல் வந்ததும் முதல் வரிசைக்கு வந்துவிடும் ரயில்வே கார்டு நான்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னை எல்லோருக்கும் தெரியும். வாயால் தெரியும். அந்த வாய்தான் என்னை ஆற்று நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நான் சாக இருந்தது மட்டும் நிஜம்.

போன ஆடியில் எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் கிடந்தேன். பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். என் மனைவி சிவகாமி என் தலைமாட்டில் உட்கார்ந்து, இந்த மனிதர் எழுந்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். கார்த்திகை பிறந்ததும், "இந்தத் தடவை நீங்களும் என்கூட விரதம் இருங்க" என்றாள். குழாயடியில் வைத்துக் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள். எனக்கு ஆட்கள் இருந்தால் போதும்.

"என்னை எழுப்பினது டாக்டர் குடுத்த கொயினா மருந்து. பால்குடத்தை அந்தக் கொயினா பாட்டிலுக்குக் கொண்டுபோய் ஊத்து" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிவகாமி பாதி நிறைந்த வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு பேச்சு நின்றது. ஆறு நாள். தட்டு தரையில் தானாகச் சறுக்கி என் முன்னால் வந்து நிற்கும். குழம்பு சூடாக இருக்கிறதா என்பதைப் பாத்திரம் வைக்கும் ஓசையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த வாரத்தில்தான் எங்கள் எஞ்சினியர் துரை சீமைக்குத் திரும்பினார். போகும்போது தம்முடைய தூண்டிலை எனக்குக் கொடுத்தார். பிரியத்தால் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவருடைய பெட்டி மூடவில்லை. மூன்று துண்டாகக் கழலும் மூங்கில் கோல், பட்டு நூல் சுற்றிய சக்கரம், ஒரு தகரப் பெட்டி நிறைய இறகிலும் மயிரிலும் கட்டிய பொய்ப் பூச்சிகள். ஈயக்குண்டு கிடையாது, புழு கிடையாது. கோலைப் பின்னால் வீசி, நூல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் நீண்டு விரியும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீசவேண்டும். அப்போதுதான் நூல் தன் கனத்தாலேயே பறக்கும். "பொறுப்பதுதான் வித்தை" என்று துரை இரண்டு முறை சொன்னார். நான் பொறுக்கத் தெரியாதவன். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டிவிட்டேன்.

உலு லங்காட் மலையாற்றில் கெலா மீன் பிடித்து வருகிறேன் என்று குவார்ட்டர்ஸ் முழுவதும் அறிவித்தேன். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். சிவகாமி விரதம் இருக்கும் நாள் அது. வீட்டுக்குள் மீனோடு நுழைந்து அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. எவ்வளவு கேவலமான ஆசை என்று இப்போது சொல்கிறேன், அப்போது ஜோராக இருந்தது.

வியாழன் மாலை அவள் ஆறு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"நானும் வரேன்."

"அட்டை கடிக்கும்."

"கடிக்கட்டும். உங்க வாயைவிடவா?"

காலை ரயிலில் காஜாங். அங்கிருந்து மோட்டார் பஸ். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் சோற்று மூட்டையை வைத்தாள், எல்லைக்கல் மாதிரி. எனக்கு மட்டும் சோறு. அவளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்.

ரோடு முடிகிற இடத்தில் ரோட்டு வேலைக் கங்காணி ஒருவர், மண் கூடை பின்னுவதற்காகப் பிரம்பு வெட்டிக்கொண்டிருந்தார். கோலையும், பழக்கதோஷத்தில் நான் கழுத்தில் மாட்டி வந்திருந்த கார்டு விசிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல போறீங்களா கார்டையா? மேல ஆறு பொறக்கிற உலுவில மழை பேஞ்சாலும் இங்க வெயிலடிக்கும். தண்ணி செம்மண் நெறமாச்சுன்னா எல்லாத்தையும் போட்டுட்டுக் கரையேறிடுங்க."

"புலி இருக்கா?"

"போன வாரம் ஒரு ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. உங்க பருமனுக்கு இன்னும் எதையும் தூக்கலை."

இந்தப் பேச்சில் சிவகாமியின் காதில் விழுந்தது தண்ணீர். என் காதில் விழுந்தது புலி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மலையேற்றம். இரண்டு மணி நேரம் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். அந்தக் காட்டுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. முள் சட்டையை இழுத்தது, அட்டை காலுறைக்குள் குடிபுகுந்தது, ஈரப்பாறை காலை வாரிவிட்டது. நான் விழும்போதெல்லாம் சிவகாமி நின்று, நான் எழுந்திருக்கும்வரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் கோலை மாட்டி முதல் வீச்சு வீசினேன். பொய்ப் பூச்சி என் தொப்பியைப் பிடித்தது. இரண்டாவது ஒரு மரத்தை. மூன்றாவது, பத்தடி பின்னால் உட்கார்ந்திருந்த சிவகாமியின் முந்தானையை. நான் மீன் என்று நினைத்து இழுத்தேன். துணி கிழிந்தது.

"நீங்க பிடிச்ச மீன் நான் ஒருத்திதான்! அதையும் பதினெட்டு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கீங்க!"

"வாயை மூடு. மீன் ஓடிடும்."

"ஓடட்டும், அதுக்காவது புத்தியிருக்கே!"

மரமும் மனைவியும் எட்டாத இடம் வேண்டும் என்று ஆற்றுக்குள் இறங்கினேன். முழங்காலளவு தண்ணீர். நடுவில் மேசை மாதிரி ஒரு பாறை. ஏறி நின்றுகொண்டேன். இருபது வீச்சு, முப்பது வீச்சு, நூல் ஒவ்வொரு முறையும் என் கழுத்தில்தான் விழுந்தது. முருகன் தம்முடைய வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

எதேச்சையாகத் திரும்பினேன். கரையில் சிவகாமி எழுந்து நின்று, சோற்று மூட்டையைக் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ கத்தினாள். ஆற்றிரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அன்பர்களே, நான் பதினாறு வருஷமாக கார்டு. சிவப்பை ஆட்டினால் என்ன அர்த்தம்? அபாயம், நில். நான் நின்றேன். கரையில் புலி வந்திருக்கிறது, ஆற்றிலேயே இரு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக, ஸ்டேஷனில் செய்வதுபோல் ஒரு கையை உயர்த்திக் காட்டினேன். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். பெரிய புலி என்று புரிந்துகொண்டேன். பாவம், கரையில் அவள் தனியாக இருக்கிறாளே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். பாறையில் நான் பத்திரமாக இருப்பதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

பாறை மேலேயே பூட்ஸ் தண்ணீரில் அமிழ்ந்தபோதுதான் கீழே பார்த்தேன். ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. நான் நடந்து வந்த முழங்கால் தண்ணீர் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போயிருந்தது. ஒரு முழு மரம், வேரோடு, எனக்கும் கரைக்கும் நடுவில் புரண்டுகொண்டு போனது.

அவள் நில் என்று சொல்லவில்லை. வா என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று தெரியாது. பச்சைக் கொடி காட்டி ஆற்றை அனுப்பிவைக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பிறகு நேர்த்திக்கடன்களை ஆரம்பித்தேன். தேங்காய், மொட்டை, காவடி. அலகு குத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, ஊசிக்குப் பயந்து நிறுத்திக்கொண்டேன். சாகப்போகும் நேரத்திலும் பேரம்.

கரையைப் பார்த்தேன். சிவகாமி துணியை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது கண்ணைத் திறந்த ஒவ்வொரு தடவையும் பார்த்த அதே முகம். அதை நான் மறந்திருந்தேன். குழாயடியில் பத்துப் பேர் சிரிப்பதற்காக மறந்திருந்தேன்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வேடிக்கை இல்லாத பேச்சு வந்தது. "முருகா, நான் கேட்க லாயக்கில்லாதவன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அந்தக் கரைவரைக்கும் விடு." அவ்வளவுதான். எந்த நேர்த்தியும் சேர்க்கவில்லை.

சொல்லி முடித்ததும் கையில் கோல் இருப்பது தெரிந்தது. அதுவரை அது என் கையில் இருந்ததே ஞாபகம் இல்லை. கரைக்கு அறுபது எழுபது அடி தூரம். காலையிலிருந்து நான் ஒரு தடவைகூட அவ்வளவு தூரம் வீசியதில்லை. கோலைப் பின்னால் வீசினேன். உடனே முன்னால் இழுக்கக் கை துடித்தது. இழுக்கவில்லை. பொறுத்தேன். தண்ணீர் இடுப்பில், மரங்கள் மோதிக்கொண்டு போகின்றன, நான் பொறுத்தேன். என் வாழ்நாளில் நான் முழுதாகப் பொறுத்தது அந்த ஒரு மூச்சுதான். அந்தப் பொறுமை என்னுடையதில்லை. எனக்கு அது கிடையாது, குவார்ட்டர்ஸில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நூல் பறந்தது. நேராகப் பறந்தது. கொக்கி சிவகாமியின் முந்தானையில், காலையில் கிழித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போய்ப் பிடித்தது.

அவள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டாள். அதே சமயம் அவளுக்குப் பின்னால் காட்டிலிருந்து கங்காணி வெளியே வந்தார், தோளில் பிரம்புச் சுருளோடு. நல்ல பிரம்பு தேடி மேலே ஏறியவருக்கு என் விசில் கேட்டிருக்கிறது. பிரம்பின் நுனியைப் பட்டு நூலில் கட்டினார்கள். நான் இழுத்தேன். நூல் உள்ளங்கையை அறுத்தது, அறுந்துபோகவில்லை. பிரம்பை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர்கள் மறுமுனையை ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்தார்கள். "குதிங்க!" என்று கங்காணி கை காட்டினார். நான் குதிக்கவில்லை. பாறைதான் என்னைக் கைவிட்டது. பாதி ஆற்றைக் குடித்துக்கொண்டு கரையில் போய்ச் சேர்ந்தேன்.

சேற்றில் குப்புறக் கிடந்த என் முதுகில் சிவகாமி ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"வா வான்னு துணியை ஆட்டினா, சாமி மாதிரி கையைத் தூக்கிக் காட்டுறீங்களே!"

"சிவப்பைக் காட்டினா நிக்கணும், சிவகாமி. அது ரூல்."

"உங்க ரூலைத் தூக்கி ஆத்துல போட!"

கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காட்டுக்குள்ள எப்ப ரயில் விட்டாங்கன்னு ஓடியாந்தேன் கார்டையா" என்றார்.

அவர் முன்னாலேயே அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். "குழாயடியில நான் பேசினது தப்பு." அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை இருமினேன். அவள் என் கையைத் திருப்பி, நூல் அறுத்த இடத்தில் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினாள்.

"நானும் கேட்டேன்" என்றாள்.

"என்னான்னு?"

"இந்த ஆளை இன்னும் திட்டி முடிக்கலை, குடுத்துருன்னு."

இறங்கும்போது வழுக்கிய இடத்திலெல்லாம் கை கொடுத்தாள். காஜாங் வரும்வரை திட்டவும் செய்தாள். கேட்டு வாங்கி வந்த வரத்தை அனுபவித்தேன்.

திங்கட்கிழமை குழாயடியில் ஆற்றுக் கதையையும், நானும் பால்குடம் எடுக்கப்போவதையும் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "அப்ப உங்களைக் காப்பாத்தினது பிரம்புதானே? பால்குடத்தைப் பிரம்புக்கு எடுக்கப்போறீங்களா?" பத்துப் பேர் சிரித்தார்கள். நான் விதைத்த சிரிப்பு, சரியாக என் வாசலுக்கே வந்தது. "கொயினா இருந்துச்சு, பிரம்பும் இருந்துச்சு" என்றேன். "ரெண்டும் வேண்டிய நேரத்துக்கு என் கைக்கு வந்துச்சே, அதுக்குத்தான் பால்குடம்." அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. பரவாயில்லை. நான் மட்டும் என்ன, ஒரே நாளிலா நிறுத்தினேன்?

தைப்பூசத்துக்கு இருவரும் விரதம் இருந்தோம். பத்துமலையின் மரப்படிகளில் அவள் ஒரு குடம், நான் ஒரு குடம். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் திரும்பிப் பார்த்து நின்றாள். இந்தத் தடவை மரங்களைப் பார்க்கவில்லை.

உங்களில் யாராவது என் மாதிரிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இதெல்லாம் பெண்டாட்டிகளின் காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒன்று சொல்கிறேன். பேரம் வேண்டாம். தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே, உலர்ந்த காலோடு, உள்ளபடி கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு மூச்சு பொறுங்கள். என்னைப்போன்ற வாயாடிக்கே கரை காட்டியவர் உங்களைக் கைவிடமாட்டார்.

தூண்டில் எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. எனக்குச் சோறு கட்டிக் கொடுப்பது மட்டும் இப்போதெல்லாம் பச்சைத் துணியில்.