ரெட்டிபாளையத்து டச்சுக் காசு

பழைய காசைப் பார்த்து அடையாளம் சொல்லும் தொழிலில், காசைவிட அதைக் கொண்டுவருகிறவர்தான் அதிகம் திகைக்க வைப்பார். இதில் அடிபட்டவர்கள் என்னோடு சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளலாம்.

அரிசிச் சோதனை

அரியலூரில் என் கடைக்கு செல்வராசு வந்தார். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று களிம்பேறிய செப்புக்காசு ஒன்றை மேசையில் வைத்தார். லென்ஸில் பார்த்தேன். ஒரு பக்கம் டச்சுக் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை, மறுபக்கம் கிரீடத்துக்குக் கீழே சிங்கம். நாகப்பட்டினம் பக்கமிருந்து இந்தக் காசு நிறைய வரும். நம் அரியலூர் மண்ணைத் தோண்டி எடுத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அவரோ சட்டைப் பையிலிருந்து நாலு அரிசியை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அரிசியை இழுக்கிற செம்புக்குக் கோடி விலை என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் சாகவில்லை. அரிசி அசையவில்லை. "அப்ப இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுங்களா சார்?"

புளி

காசு அடித்த ஆண்டு களிம்புக்கு அடியில் இருக்கிறது, பக்குவமாக எடுக்க வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வீட்டில் கேட்க வேண்டும் என்று எடுத்துப் போய்விட்டார். மறுநாள் மனைவியோடு வந்தார். காசு பளபளத்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் போயே போய்விட்டன. அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "நாலு பேரு பாக்குற பொருளு, அழுக்கோட குடுத்தா வூட்டுப் பொம்பளயத்தானே சார் ஏசுவாங்க?"

நிலைவாசல்

முத்திரையும் சிங்கமும் பிழைத்திருந்தன. அருங்காட்சியகத்தில் எனக்குத் தெரிந்த அதிகாரி நேரில் பார்த்து, இங்கே கிடைத்தது என்று பதிவு செய்துவிட்டால் போதும். படம் செல்லாது, காசு வேண்டும் என்றார் அவர். திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதுவரை தேய்க்காதீர்கள், விற்காதீர்கள், பத்திரமாக வையுங்கள் என்று செல்வராசுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அதிகாரியோடு போய் இறங்கினால், புது வீட்டுக்கு நிலை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை போட்டிருந்தது. காசைக் கேட்டேன். செல்வராசு நிலையின் அடியைக் காட்டினார். நிலைக்கு அடியில் காசு போடுவது ஊர் வழக்கம், எனக்குத் தெரியாததா? இந்தக் காசையா போடுவார்கள்? அப்படியே மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க சொன்ன மாரியே பத்திரமா வச்சுட்டேன் சார், மேல நம்ம ஃபேக்டரி சிமெண்டு, நானே நின்னு பூசுனது, இனிமே எவனாலயும் எடுக்க முடியாது."

அந்தக் காசை அடையாளம் காண எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. மறுபடி பார்க்க வேண்டுமென்றால் ஒரு நல்ல மனிதரின் வீடு இடிய வேண்டும், அதற்கு நான் ஆசைப்படவும் கூடாது.