உப்புக்கோட்டு உயரத்தில் ஒரு பலகை

எங்கள் பெரியம்மா டார்கஸ் குட்டை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் பெயர் டிபி; அவளுக்கு மூத்தவள். இருவரும் இங்கிலாந்தின் வடகிழக்கில் கல்லர்கோட்ஸ் கரையில் மீன் எடுத்து, முதுகுக்கூடையில் சுமந்து, ரயிலேறிப் போய்ப் பெரிய வீட்டுத் தெருக்களில் விற்றவர்கள். அம்மா நெட்டை. கூடையை முழங்காலில் ஏற்றி ஒரே வீச்சில் முதுகுக்குக் கொண்டுபோய்விடுவாள். பெரியம்மாவுக்கு அது வராது. யாராவது பின்னால் நின்று தூக்கிவிட்டால்தான் வாருக்குள் தோளைக் கொடுக்க முடியும்.

கரையில் தூக்கிவிட ஆளுக்குக் குறைவில்லை. பாதி ஊர் எங்கள் சொந்தம். பெரியம்மா விற்கும் தெருக்கள் ஜெஸ்மண்ட் ஸ்டேஷன் பக்கம். அம்மாவும் மற்றவர்களும் அதற்கு முந்தைய ஸ்டேஷன்களிலேயே இறங்கிவிடுவதால், அங்கே இறங்கும்போதுதான் அவளுக்குத் தூக்கிவிட யாரும் இருக்க மாட்டார்கள். புருஷன் ஆடம் படகோடு கடலில் மூழ்கிப் போன பிறகு, இரண்டு பிள்ளைகளும் கண் தெரியாத மாமியாரும் அந்தக் கூடையை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

நீராவி வண்டி ஓடிய நாளில் அவளுக்குத் தூக்கிவிட்டவர் ரயில் கார்டு கத்பர்ட். உள்நாட்டில் ஆடு வளர்க்கிற குடும்பத்துப் பிள்ளை, கல்யாணம் ஆகாதவர். கத்பர்ட்டை எங்கள் பக்கம் கட்டி என்று சுருக்குவோம். கழுதைக்கும் எங்கள் பேச்சில் அதுதான் பெயர். பெண்கள் சும்மா விடுவார்களா? வண்டி வருவது தெரிந்ததுமே, "டார்கஸ், பொதி சுமக்க உன் கழுதை வந்தாச்சுடீ" என்பார்கள். அவர் காதில் விழும்படிதான். அவர் தூக்கிவிட்டு, "சரியா?" என்பார். அவள், "சரி" என்பாள். வருஷக்கணக்கில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பிறகு மின்சார வண்டி வந்தது. எஞ்சினும் இல்லை, கரியும் இல்லை. மின்சாரம் ஓடும், தொட்டால் ஆளை முடித்துவிடும் இன்னொரு தண்டவாளம் பக்கத்திலேயே படுத்திருந்தது. பிரம்பு இருக்கைப் பெட்டிகளில் மீன்கூடையை விடமாட்டார்கள். கார்டு நிற்கிற சாமான் அறையில்தான் இடம். அந்த வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று மூச்சு விடுவதற்குள் கிளம்பிவிடும். ஒரு நாள் பெரியம்மா இறங்கிவிட்டாள், கூடை இறங்கவில்லை. அது நியூகாசில் நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மீன் தொய்ந்துபோயிற்று. மறுநாள், ஓடும்போதே தூக்கிவிடலாமென்று கத்பர்ட் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து பாய்கிற வண்டி அது. ஒரு உலுக்கில் இருவரும் மீனோடு மீனாகத் தரையில் கிடந்தார்கள்.

அதற்கப்புறம் பெரியம்மா கூடையை இறக்குவதையே விட்டாள். கரையில் ஏற்றிய பாரத்தோடு சாமான் அறைச் சுவரில் சாய்ந்து, ஜெஸ்மண்ட் வரைக்கும் நின்றபடியே போனாள். இலையுதிர்காலம் வருவதற்குள் இடுப்பு வீங்கிவிட்டது. வீட்டிலிருந்து தூண்டிலுக்கு இரை கோக்கும் வேலையைப் பார் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அந்தக் கூலியில் நாலு வயிறு நிறையாது என்று பெரியம்மா மறுத்துவிட்டாள். ஆனால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை சாமான் அறைச் சுவரில் தடித்த பலகை ஒன்று அறையப்பட்டிருந்தது. கத்பர்ட் தாடையால் அதைக் காட்டினார். பெரியம்மா பின்னால் ஒரு அடி வைத்தாள். கூடையின் அடி பலகையில் உட்கார்ந்தது, வார் தளர்ந்தது, தோள் வெளியே வந்தது. அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஜெஸ்மண்டில் தோளை நுழைத்து எழுந்தாள். யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை.

அன்று என் அம்மாவும் அந்தப் பலகையில் கூடையை வைத்துப் பார்த்தாள். பாதி குனிய வேண்டியிருந்தது. கூட வந்த மற்றவர்களில் ஒருத்திக்கு அது உயரமாக இருந்தது, இன்னொருத்திக்குத் தாழ்வாக. அம்மா சுவரைக் கூர்ந்து பார்த்தாள். புது வார்னிஷில், பெரியம்மா தினமும் சாய்ந்த இடத்தில், ஈரக்கூடையின் அடி பட்டுப் பட்டு ஒரு உப்புக்கோடு வெளுத்திருந்தது. பலகை அதன் மேலேயே அச்சாக நின்றது.

"கம்பெனி வண்டியில ஒருத்தி முதுகுக்கு மட்டும் அளவெடுத்திருக்கு, அக்கா," என்றாள் அம்மா. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்திருந்ததாம்.

மறுநாள் பலகையைக் காணோம். யாரும் பிடுங்கவில்லை, இத்தனை நாள் வந்த பெட்டியையே மாற்றிவிட்டார்கள். பழைய வண்டியில் கார்டுக்கு மாதக்கணக்கில் ஒரே பெட்டிதான் வரும். இந்த வண்டிகளை வேண்டியபடி பிரித்துக் கோர்ப்பார்கள் என்பது கத்பர்ட்டுக்கும் தெரியும். பலகை அடிக்கிற சந்தோஷத்தில் மறந்துபோனார். வெறும் சுவரைப் பார்த்தபடி, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். பெரியம்மா பாரத்தோடு சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தோளில் கனம் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் கூடையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் வந்தால் மணியடிக்கப் போவார், கிளம்பியதும் ஓடி வந்து பிடிப்பார். சட்டைக்கையெல்லாம் மீன்தண்ணீர்.

"எத்தனை நாளைக்கு இப்படியே பிடிச்சிட்டு வருவீங்க?" என்றாள் அவள்.

அவர் அதை வேலைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "இந்த மாசக் கடைசி வரைக்கும். அப்புறம் எனக்கு ஷிஃப்ட் மாறுது."

"அப்புறம்?"

"ஜெஸ்மண்டுல போர்ட்டர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. கேட்டிருக்கேன்."

"கார்டு வேலையை விட்டுட்டா? மூட்டை தூக்கவா?"

"வண்டிதான் நிக்க மாட்டேங்குதே. பிளாட்பாரம் எங்கயும் ஓடாது."

பெரியம்மா அன்று விற்கப் போன வீடுகளில் மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறினாள் என்பார்கள்.

கத்பர்ட்டைக் கட்டிக்கொள்ள நினைப்பதை வீட்டில் கண் தெரியாத மாமியாரிடம் சொல்லத்தான் பயந்தாள். ஆடமைப் பெற்றவள் அல்லவா. கிழவி பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையை மடியில் இறக்கி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடல்ல இறங்குவானா?"

"மாட்டார். தண்ணின்னாலே பயம்."

"அப்ப கூட்டிட்டு வா."

எங்கள் ஊரில் கரைக்கு வெளியே கட்டிக்கொள்வது அபூர்வம். மூஞ்சியைத் தூக்கியவர்களும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு, போர்ட்டராகிவிட்ட கத்பர்ட் பெரியப்பா ஜெஸ்மண்டில் சாமான் அறைக் கதவு வந்து நிற்கும் இடத்தில் சரியாக நிற்பார். கூடையை ஒரே தூக்கில் வெளியே எடுப்பார். வண்டி தன் பாட்டுக்குப் போகும். பிறகு அவசரமில்லாமல் முதுகில் ஏற்றிவிட்டு, "சரியா?" என்பார். இடுப்பு வீக்கம் வற்றியது. கூடை வியாபாரம் நிற்கவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு காலையில் அந்தப் பழைய பெட்டி எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. பலகை அப்படியே இருந்தது. யாரோ அதில் பார்சல் வைத்துப் பழகியிருந்தார்கள். பெரியம்மா அதன்மேல் கூடையை வைத்து, கொஞ்ச தூரம் கையால் பலகையைத் தடவியபடி வந்தாள். என் அம்மா தன் ஸ்டேஷனில் இறங்கப் போகையில், பெரியம்மா கூடையைப் பலகையிலிருந்து மெல்லச் சரித்துத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுலயே இருந்தா நீயே எழுந்து போயிடலாமே அக்கா, எதுக்கு இறக்கற?"

"அவர் அங்க நின்னுட்டிருப்பாருடீ," என்றாள் பெரியம்மா.