ரெண்டு வீட்டுக் கரண்ட்

கேஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டு ரோட்டுக் கரையில கட்டி, லைன்ல விட்டிட்டு சனம் வீட்ட போய்ச் சாப்பிட்டு வந்த வருசம் ஞாபகம் இருக்குத்தானே? அதுக்கு அடுத்து வந்த தைப்பொங்கல். சாப்பிட்டு எண்டு சொல்லுறன், சமைக்கக் கேஸ் எங்க? பாணும் சம்பலும்தான். கொட்டாஞ்சேனையில என்ர வீட்டு வாசலிலயும் ஒரு லைன் நிண்டது, அதில நடந்த சண்டையள் வேற கதை.

அந்த நேரம் களவும் கூட. செப்புக்கு நல்ல விலையெண்டு கண்ட இடத்தில வயரை வெட்டினாங்கள்.

நான் சின்ன விழாக்களுக்கு சவுண்ட் செட் கட்டுறனான். ரெண்டு ஸ்பீக்கர், ஒரு அம்ப், மைக்குகள், எல்லாம் ஒரு த்ரீவீலருக்குள்ள அடங்கும். ஸ்பீக்கர்தான் பெரிய விசயமெண்டு ஆக்கள் நினைக்கினம். எனக்கு முதல் வேலை கரண்ட் எங்க எடுக்கிறதெண்டு பாக்கிறது. ஒரு இடத்தில எடுத்து, மேடையில இருக்கிற எல்லாத்தையும் என்ர ஒரே போர்ட்டில குத்தவேணும். சோதிக்க ஒரு பல்ப் வச்சிருக்கிறன். ஒரு வயரைக் கரண்டிலயும் மற்றதை எர்த்திலயும் பிடிச்சா அது பத்தவேணும், இல்லாட்டி கரண்ட் கசிஞ்சாத் தானா நிப்பாட்டிற வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழவேணும். ரெண்டும் நடக்காட்டி அந்த வீட்டில எர்த் இல்லை, கசியிற கரண்ட் நிலத்துக்கு இறங்காது.

வெள்ளவத்தையில கடல் பக்கம் இறங்கிற ஒரு லேன். அங்க பொங்கல் விழாவுக்குக் கரண்ட் குடுக்கிறது ஒரு மரியாதை. ஒரு வீடு மேடைக்கு, ஒரு வீடு லைட்டுக்கு எண்டு போட்டி போட்டுக் குடுப்பினம். அந்த முறை மேடைக்கு நேர முன்னால இருக்கிற வீட்டுப் பொம்பிளை என்னட்ட வந்தா. மனுசன் செத்து வருசத் திவசம் அப்பதான் முடிஞ்சது.

"அண்ணை, மேடைக்கு என்ர வீட்டில எடுங்கோ. அவர் இருந்தா அவர்தான் குடுத்திருப்பார்."

போய்ப் பிடிச்சுப் பாத்தன். பல்ப் பத்தேல்லை. ட்ரிப்பும் விழேல்லை, பழைய வீடு, அது இருந்தாத்தானே. பின்சுவரடியில போய்ப் பாத்தா, நிலத்துக்குள்ள இறங்கிற செப்புக் கம்பியைக் கணுக்கால் உயரத்தில வெட்டிக்கொண்டு போயிருக்கிறாங்கள்.

"எர்த் வயரைக் களவெடுத்திட்டாங்கள், தங்கச்சி. இது சரிவராது."

"ஒரு வருசமா எல்லாரும் ஒவ்வொரு சாட்டுத்தான் சொல்லினம். செத்தவீட்டுக் கரண்ட் பொங்கலுக்கு ஆகாதெண்டு நேர சொல்லுங்கோவன்."

"கரண்டுக்கு ஏது பிள்ளை துடக்கும் தீட்டும்?"

அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு உள்ள போயிட்டா. நான் மூலை வீட்டில லைன் எடுத்தன்.

கொம்பனித்தெருவில இருந்து ஒருத்தன் கிட்டார் அடிக்க வந்திருந்தான், கிட்டாரை வயரால கொழுவிற அம்ப் பெட்டியும் தன்ரதுதான். புதுசாக் கலியாணம் கட்டினவன், வாய் ஓயாது.

"அங்கிள், இந்த ஸ்பீக்கர் எனக்கு முந்திப் பொறந்ததா?"

"உன்ர வாப்பாவின்ர கலியாணத்துக்கும் இதுதானடா பாடினது."

"அதுதான் உம்மா இன்னும் ஏசுறாங்க!"

நான் லேன் முனையில மற்ற ஸ்பீக்கரைக் கட்டப் போனன். விழாவுக்குப் பொறுப்பான மனுசன் நல்லவர். அவ அழுததைப் பாத்து மனம் கேக்காம, அவவின்ர வீட்டில இருந்து மதிலுக்கு மேலால ஒரு வயரை இழுத்து, கிட்டார்ப் பெட்டியை மட்டும் அதில குத்தியிருக்கிறார். ஒரு சாமான்தானே, அவவுக்கும் ஆறுதல் எண்டு.

"செக், செக்" எண்டது கேட்டுது. பிறகு ஒரு உறுமல். திரும்பிப் பாத்தா, வாய்ச் சொண்டு மைக்கில, கை கிட்டார்க் கம்பியில, ஆள் விறைச்சு நிக்கிறான். பகிடி விடுறானெண்டு முன்னால இருந்த பிள்ளையள் சிரிச்சினம்.

ஓடிவந்து என்ர போர்ட் சுவிட்சை அடிச்சன். மைக் நிண்டுது. கிட்டார்ப் பெட்டியின்ர சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சுகொண்டே நிண்டுது. அப்பதான் மதிலுக்கு மேலால போற வயரைக் கண்டன்.

"பிளக்கைப் பிடுங்கு பிள்ளை!" எண்டு கத்தினன்.

தன்ர வீட்டு வாசலில நிண்ட அவதான் உள்ள ஓடிப் பிடுங்கினவ. அவன் விழுந்தான். த்ரீவீலரில ஏத்திக்கொண்டு போனம். ஆஸ்பத்திரியில பாத்திட்டு, உயிர் இல்லையெண்டு தலையை ஆட்டினவை. பிறகு அவன்ர வாப்பா வந்து என்ர ஸ்பீக்கரில கையை வச்சுக்கொண்டு நிண்டார்.

நடந்தது இதுதான். கிட்டார்ப் பெட்டிக்குள்ள ஒரு வயர் கழண்டு தகரத்தில பட்டிருந்தது. அந்தக் கரண்ட் நிலத்துக்கு இறங்க அவவின்ர வீட்டில வழியில்லை, கிட்டார்க் கம்பியில வந்து நிண்டுது. என்ர மைக்குக்கு மூலை வீட்டு எர்த் நல்லா இருந்தது. அவன் மைக்கில சொண்டை வைக்க, அவன்ர உடம்புக்குள்ளால கரண்டுக்கு வழி கிடைச்சிட்டுது. என்ர போர்ட்டில குத்தியிருந்தா ட்ரிப் விழுந்திருக்கும், "அங்கிள்ட கரண்ட் சரியில்ல" எண்டு என்னை நக்கலடிச்சிருப்பான்.

அவ இப்ப ஹெந்தளையில தமக்கையோட இருக்கிறா. லைட் போடுறேல்லை, ஃபேன் போடுறேல்லை, மண்ணெண்ணெய் விளக்குத்தானாம். எங்கட வீட்டுச் சாவு வயர் வழியாப் போய் அந்தப் பிள்ளையைத் தொட்டிட்டுது எண்டுதான் சொல்லுறாவாம். நான் ரெண்டுதரம் போனன். என்ர குரலைக் கேட்டிட்டுக் கதவு திறக்கேல்லை.

அந்தப் பக்கம் போறாக்கள் ஆரும் அவவைக் கண்டா இதைச் சொல்லிவிடுங்கோ. சாவு தொடேல்லை, ஆரோ ஒரு கள்ளன் செப்பை வெட்டினவன், ஒரே மேடைக்கு ரெண்டு வீட்டுக் கரண்ட் வந்திட்டுது எண்டு. பிளக்கைப் பிடுங்கினது அவவின்ர கைதான் எண்டும் சொல்லுங்கோ. நான் சொல்லிவிட்டதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ, உங்களுக்கும் கதவைச் சாத்திப்போடுவா.