ஒரே முகவரி, இரண்டு கணினி

993. டேப்பக்கா இப்போதெல்லாம் துணி வெட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பது இந்த எண்ணைத்தான். "மறந்து தொலைச்சிருவேன். நாக்குல இருந்தா பத்திரம்" என்கிறார். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு நாடாவால் வந்த பெயர் அது. வங்கிக்குப் போனாலும் நாடாவோடுதான் போவார். வரிசையில் நின்றபடி அங்குள்ள ஜன்னலைக் கண்ணாலேயே அளந்து, "இந்தத் திரைக்குச் சுருக்கு பத்தலை" என்று பின்னால் நிற்பவரிடம் புகார் சொல்வார்.

வயது ஐம்பத்தேழு. தம்பியோடு சேர்ந்து ஜன்னல் திரை தைக்கும் கடை நடத்துகிறார். வெட்டுவதும் தைப்பதும் அக்கா; இடங்களுக்குப் போய் ஏணியேறி அளப்பது தம்பி. கடைக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. அது கடைக் கணினியிலும் இருந்தது, தம்பியின் லேப்டாப்பிலும் இருந்தது. யார் முதலில் திறக்கிறார்களோ, மெயில் எல்லாம் அவர்களுடைய கணினியில் இறங்கிவிடும். மெயில்கள் முதலில் வந்து சேரும் நிறுவனத்துக் கணினியான சர்வரில் ஒன்றும் மிஞ்சாது. தம்பி விடியும் முன்னே எழுபவர். அக்கா திறக்கும்போது இன்பாக்ஸ் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருக்கும்.

"கடைக்கு என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க இவன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். பெரிய தபால் மந்திரி!"

சென்ற மாதம், வார்டுகளுக்குத் திரை கேட்டிருந்த ஓர் ஆஸ்பத்திரி, பச்சை வேண்டாம், சாம்பல் நிறமே போதும் என்று எழுதியது. மெயில் லேப்டாப்புக்குப் போனது. தம்பி சொல்ல மறந்தார். அக்கா ஒரு வார்டு முழுவதற்கும் பச்சையை வெட்டித் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்றார்கள், அவ்வளவுதான். மற்ற வார்டுகளின் அளவுகள் வியாழக்கிழமை மாலை வரும், அன்றே பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வியாழன் காலை அக்கா தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். மெயில் கணக்கைப் புதிதாகச் சேர்க்கப் போனதும், தானாக அமைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்டது. "போன தடவை நீ தானா செஞ்ச லட்சணம் தெரியாதா?" என்று அதனிடமே சொல்லி, 'கைமுறை அமைப்பு' என்பதை அழுத்தினார். மின்னஞ்சல் முகவரி கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், கடையில வேற யாராவது இருந்தா போனைக் குடுங்களேன்."

"அதான் நான் இருக்கேனே. சொல்லுப்பா."

எதிர்முனைக்காரர் பொறுமைசாலி. மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரைக் காலி செய்யும் பாப் முறை வேண்டாம், ஐமேப் முறை போடுங்கள் என்றார். அப்படிப் போட்டால் மெயில் சர்வரிலேயே இருக்கும், திறப்பவர் எல்லோரும் பார்க்கலாம். சர்வரின் பெயர் சொன்னார். அதன் வாசல் எண், அதாவது போர்ட், 993. அக்கா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். தையலில் பிசிறு தேடுவதுபோல் மூக்கு மானிட்டரில் இடிக்கக் குனிந்து சரிபார்த்தார். மெயில் வந்தது. சோதனைக்குத் தனக்கே ஒன்று எழுதி அனுப்பினார். போகவில்லை. மறுபடி அனுப்பினார். அதுவும் போகவில்லை.

"உள்ள வர விடுது, வெளிய போக விடமாட்டேங்குது. எங்க மாமியார் வீட்டுக் கதவு மாதிரியில்ல இருக்கு!"

எதிர்முனை சிரித்து ஓய்ந்தபின் விஷயத்தைச் சொன்னது. அனுப்பும் சர்வரும் கடவுச்சொல் கேட்கும். அதற்கான கட்டத்தில் டிக் இல்லை. அக்கா டிக் போட்டார். மெயில் போய், அடுத்த நொடியே இன்பாக்ஸில் வந்து விழுந்தது. தலைப்பில் 'நான்தான்' என்றிருந்தது.

ஆனால் இது பாதி வேலைதான். தம்பியின் லேப்டாப் பழையபடி இருந்தால், திறந்த மாத்திரத்தில் சர்வரைத் துடைத்து எடுத்துவிடும். மாலையில் தம்பி வந்தார், ஏணியைச் சுவரில் சாய்த்தார், லேப்டாப்பைத் திறக்கப் போனார். அக்கா மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"கையை எடுக்கா. ஆஸ்பத்திரி மெயில் வந்திருக்கும்."

"வரட்டும். முதல்ல நெட்டை அணை. சர்வர்ல ஒரு காப்பி விட்டு வைக்கணுமான்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் போட்டுட்டு அப்புறம் பாரு."

"ஏன், நான் பாத்துச் சொல்லமாட்டேனா?"

"அலமாரியில பச்சைத்துணி இருக்கு. அதைக் கேளு, சொல்லும்."

தம்பி அலமாரிப் பக்கம் பார்த்தார். "எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?" விளையாட்டாகத்தான் கேட்டார், முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஏணியில யாருடா ஏறுவா, உங்க மாமாவா? அந்த மனுஷனுக்கு முக்காலியில ஏறினாலே தலை சுத்தும்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கையை எடுத்தார். தம்பி நெட்டை அணைத்து, டிக் போட்டு, மறுபடி நெட்டைப் போட்டார்.

சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரி மெயில் இரண்டு கணினியிலும் வந்தது. தம்பி பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்பிற்குரிய ஐயா" என்று உரக்க வாசிக்கத் தொடங்கினார். அவர் இரண்டாவது வார்டுக்கு வருவதற்குள் அக்கா கடைசி அளவுவரை படித்துப் பதிலும் அனுப்பிவிட்டார். பிறகு நாற்காலியைத் தம்பி பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, முழுவதையும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா சாம்பல் துணியை வெட்டுகிறார்.