டிராக்டரைத் தோற்கடித்த நாள்

மாட்டுச் சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற மாதிரிதான் பெரியம்மா அந்த மெசினுக்கும் பல்லைப் பார்த்தாள். பத்தனைக்கு மேலே பாதையோரத்தில் பழைய டிராக்டர்கள் இரண்டு நின்றன, சிவப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. பக்கத்துப் புல்லில் நீளமான இரும்புச் சட்டம் ஒன்று கிடந்தது. அதன் விளிம்பு நெடுக முக்கோணம் முக்கோணமாகக் கத்திகள். டிராக்டரின் பக்கவாட்டில் அதை மாட்டிவிட்டால் கத்தி இப்படியும் அப்படியும் ஓடிப் புல்லை அறுக்குமாம். பெரியம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கத்தியாக விரலால் தடவினாள். “பல்லெல்லாம் தேஞ்சு போச்சே மாப்புள, இது புல்லத் திங்குமா, இல்ல அச போட்டுக்கிட்டே நிக்குமா?” என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “திங்காது அத்தை, கடிச்சுத் துப்பும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று காலையில் நாங்கள் மனம் விட்டுச் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.

மரம் இல்லாமல் மானாப்புல் மட்டும் வளர்கிற மலைச்சரிவை எங்கள் பக்கத்தில் பத்தனை என்போம். லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிகிற இடத்தில் அப்படி ஒரு பத்தனை இருந்தது. வெள்ளைக்காரத் துரை குதிரையும் கறவை மாடுகளும் வைத்திருந்தார். மழை இல்லாத தை, மாசியில் புல்லை அறுத்து, வெயிலில் காயப்போட்டு, மழைக்காலத்துக்குப் போர் போட்டு வைப்பது அவர் ஊர்ப் பழக்கம். அதற்கென்று பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். மற்ற மாதங்களில் மாட்டுக்குப் பச்சைப்புல் அறுப்போம். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் என் அம்மாவின் அக்கா, பெரியம்மா.

புல்லறுக்கிற வேலைக்கு யார் வந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொழுந்து பறிக்கப் போனால் கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறவேண்டும், மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கவேண்டும், சாயங்காலம் எடை காட்டவேண்டும். ஒரு நாள் கூலியை ‘பேர்’ என்பார்கள். எடை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். புல்லுக்குத் தராசு கிடையாது. அதனால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால் பெரியம்மா கண்டாக்கையாவிடம் போய் நிற்பாள். மலையில் வேலை வாங்குகிற அதிகாரி அவர். “இவளப் புல்லுக்கு விட்டுடுங்கய்யா” என்று கெஞ்சி, ஒவ்வொருத்தியாகக் கூட்டி வந்து சேர்த்துக்கொண்ட கூட்டம் அது. கால் வீங்கின அக்கா ஒருத்தி, வீசிங் வந்து நெஞ்சு இழுக்கிறவள் ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு நின்ற நிலையில் மயங்கி விழுந்துகொண்டிருந்த நான். பெரியம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. தோள்பட்டை இறங்கிப்போச்சு என்று சொல்லித்தான் அவளும் அங்கே இருந்தாள். இறங்கின தோள் எது என்று கேட்டால் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்பாள்.

டிராக்டர் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையும் சரியாகத் தெரிந்துகொள்ளாமலே பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். லொறி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைத்தான் இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது நல்லது என்று சொல்லச் சொல்லியிருந்தார் துரை. சரிவில் புரண்டு அவர் அடியில் போய்விடுவாரோ என்று ஒரு பயம். தவறான டிராக்டரைச் சொல்லி லொறி வேலையும் போய்விடுமோ என்று இன்னொன்று. மெசின் வந்தால் எங்கள் கூட்டத்தைக் கலைத்து விடுவார்களோ என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம். பெரியம்மா அதையும் கண்டாக்கையாவிடம் பேசி முடித்திருந்தாள். மெசின் அறுக்கத்தான் அறுக்கும். அறுத்ததைப் பிரட்டிப் போட்டுக் காயவைக்க, அள்ளிப் போர் போட ஆள் வேண்டும்தானே. முடியாதவர்கள் என்று துரையிடம் சொல்லி எங்களையே அதற்கு வைத்துக்கொள்வதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்: “தொர முன்னால யாரும் வீரம் காட்டாதீங்கடி. மெதுவா அறுங்க, மெதுவா நடங்க. நாம முடியாதவளுகளா இருக்கிற வரைக்குந்தான் இந்த வேல.”

துரை சரிவில் மூன்று பட்டைகளாகக் குச்சி நட்டிருந்தார். சிவப்புக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, மூன்றாவது எங்களுக்கு. கை அரிவாள் எவ்வளவு ஒட்ட அறுக்கிறது என்று பார்த்து, அந்த உயரத்துக்குச் சட்டத்தை இறக்கி வைக்க வேண்டுமாம். எங்கள் பட்டைக்கு வேறு அர்த்தம் ஒன்றும் இருக்கவில்லை. யாரும் எங்களைப் போட்டிக்குக் கூப்பிடவில்லை.

முதலில் சட்டத்தைச் சிவப்பில் மாட்டினார்கள். துரைக்குச் சிவப்பின் மேல்தான் ஆசை. கிளச்சை மிதித்தாலும் அதில் கத்தி நிற்காமல் ஓடும், அதனால் அடர்ந்த புல்லிலும் அடைக்காது என்று முதல் நாள் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் அது உயரம். முன் சக்கரம் இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தன, குதிகால் செருப்புப் போட்ட ஆள் மாதிரி. மேட்டில் அழகாகத்தான் அறுத்தது. சரிவில் குறுக்கே திரும்பினபோது மேல்பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிச் சும்மா சுற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சக்கரம் தரையில் இருந்தது. இவர் ஸ்டேரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “போதும். நீ இறங்கு” என்றார் துரை.

அடுத்தது சாம்பல். குட்டையாக, அகலமாக, தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதில் கிளச்சை மிதித்தால் கத்தியும் சேர்ந்து நின்றுவிடும், பனி காயாத புல்லில் அடைக்கும். “அடைச்சா இறங்கி எடுத்துக்கலாம், புரண்டா என்னத்த எடுக்கிறது” என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. சாம்பலைக் கிளப்பினபோதே எங்களையும் அறுக்க ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

பெரியம்மா சொன்னபடியே மெதுவாகத்தான் குனிந்தோம். பாதையில் நின்ற ஆபீஸ் கிளாக்கரையாவுக்கு வேடிக்கையாக இருந்தது போல. கால் வீங்கின அக்காவைக் காட்டி, “அந்த யானைக்கால் அடுத்த அடி வக்கிறதுக்குள்ள மெசின் நுவரெலியா போயித் திரும்பி வந்துரும்” என்றார். பாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துக் காலை மூடினாள். பெரியம்மா நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கை இறுக்கி முடிந்தாள். அதற்குப் பிறகு அவள் அரிவாள் சத்தம்தான் கேட்டது.

சரக் சரக்கென்று அந்தச் சத்தம் ஒரு பாட்டு மாதிரி எங்களையும் இழுத்தது. யாரும் ‘வாங்கடி’ என்று சொல்லவில்லை. ஒருத்தி வேகம் பிடித்தால் பக்கத்துக்காரி எப்படிச் சும்மா இருப்பாள்? மயக்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. என் கை என் கையாக இல்லை. வீசிங்காரி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அக்கா காலைத் தரையில் இழுத்து இழுத்து, வரிசை விடாமல் வந்தாள். அங்கே டிராக்டர் நாலடி போவதும் அடைத்து நிற்பதுமாக இருந்தது. இவர் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பல்லிடுக்கில் சிக்கின புல்லைப் பிய்த்துப் போட்டார். நாங்கள் அவரைத் தாண்டினபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘என்னடி செய்யிற’ என்கிற பார்வை. எனக்கு அது பெருமையாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பட்டையின் கடைசிக் குச்சியைத் தொட்டு நிமிர்ந்தோம். மெசின் இன்னும் பாதிக்குமேல் கொஞ்சம்தான் வந்திருந்தது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள். துரை இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். குதிரைப் பந்தயத்தில் தட்டுவாரே, அப்படி. கிட்டே வந்து எங்கள் பட்டையை நடந்து பார்த்து, அறுத்த அடிக்கட்டையைச் செருப்பால் தடவிப் பார்த்தார். “ரொம்ப நல்ல வேலை” என்றார். பிறகு கண்டாக்கையா பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “இந்த பொம்பளை எல்லாம் ஏன் கொழுந்து எடுக்க போகலே?”

கண்டாக்கையா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் வீசிங்காரிக்கு இருமல் ஞாபகம் வந்தது. கையை வாயில் வைத்து இரண்டு தரம் இருமினாள். அதைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் மயங்கி விழலாமா என்றுகூட நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். கால் நேராக நின்றது. பெரியம்மா மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வை வழிய, அரிவாளோடு துரை முன்னால் நின்றாள். இறங்கின தோள் என்று காட்ட அவளிடம் எந்தத் தோளும் இல்லை.

துரை சாம்பல் டிராக்டரையே வாங்கினார். கத்தியைத் தீட்டி, பனி காய்ந்த பிறகு இறக்கினால் அடைக்காது என்று இவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த மாசியில் அது பத்தனை முழுவதையும் அறுத்தது. பிரட்டிப் போடப் பொடியன்கள் போதும் என்றாகிவிட்டது. நாங்கள் மெசினை முந்தின மறுநாளே, காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் வேலைக்குப் பிரித்தபோது எங்கள் எல்லோரையும் கொழுந்து மலைக்குக் கூப்பிட்டார்கள். கூடையைத் தலையில் மாட்டினபோது அக்கா என்னைப் பார்த்து, “நாமளே போயி மாட்டிக்கிட்டோம்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இவ்வளவு பயப்படுகிறவள் நான். டிராக்டர் புரளும், வேலை போகும், துரை கத்துவார், மழை வரும், எல்லாவற்றுக்கும் முதல் நாளே பயந்து வைத்திருந்தேன். எங்கள் கை வேகமே எங்களுக்கு எதிரி ஆகும் என்பதற்கு மட்டும் பயப்படவில்லை. கிளாக்கரையா சிரித்ததற்கு அவரைத் திட்டலாம், துரையைத் திட்டலாம். ஆனால் துரை கை தட்டினபோது என் உடம்பு சிலிர்த்ததே, அதை யார் தலையில் போடுவது?

இன்றைக்கு லயத்தில் இந்தக் கதையைக் கேட்டுப்பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். டிராக்டரைத் தோற்கடித்த பொம்பளைகள் என்று எங்களுக்குப் பேர். என் பேத்தி வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்கான கூட்டம் ஒன்றில் என்னை மேடையில் உட்காரவைத்து, சால்வை போட்டு, கதையைச் சொல்லச் சொன்னார்கள். துரை கை தட்டின இடம் வரைக்கும் சொன்னேன். அங்கே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டல் நிற்கிற மாதிரி இல்லை. நான் அதோடு நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து, “பாட்டிக்குக் கூச்சம்” என்றாள் பேத்தி.

சொல்லாமல் விட்டது இதுதான். கொழுந்து மலையில் பெரியம்மா அக்காவின் நிரைக்குப் பக்கத்து நிரையையே கேட்டு வாங்கிக்கொள்வாள். அக்காவால் நின்று பறிக்க முடியாது, ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். கங்காணி அந்தப் பக்கம் திரும்பினதும் பெரியம்மா தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போடுவாள். ஒரு நாள் சாயங்காலம் தராசில் பெரியம்மாவின் கூடையைத் தூக்கி வைத்த கணக்கப்பிள்ளை, முள்ளைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “டிராக்டரையே தோக்கடிச்ச கைக்கு இவ்வளவுதானா கொழுந்து? அரைப்பேர் போடு.” பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அன்னைக்கி ஏதோ கிறுக்குப் புடிச்சிருச்சுங்கய்யா” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூடை நிறைந்திருந்தது.