புளியமரத்தில் மூன்று தட்டும் ஒரு பந்தும்

அன்று காலை ஆறாவது குழிப் பக்கம் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். எங்கள் முதலாளியின் சம்பந்தி, அவரோடு கோல்ஃப் ஆட வேலூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர், தட்டு வீச வந்த பெங்களூர்க் கணவனும் மனைவியும், விடுதி மேனேஜர், புளியமரத்துக்குச் சொந்தக்கார அக்கா, நான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடும் நின்றது. அது எதிலும் தலையிடாததால் சேர்க்கவில்லை. பின்னால் விசாரணை என்று ஏதாவது வந்தால் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார்களே என்ற பயத்தில் அப்போதே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். விசாரணை வரவில்லை. பட்டியல் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

ஜவ்வாது மலையில் எங்கள் முதலாளிக்கு ஒரு விடுதியும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானமும் உண்டு. வாரத்துக்கு நாலு பேர் பந்தடிக்க வந்தால் அதிகம். புல்லுக்கு விடும் தண்ணீர்ச் செலவுக்கே அது போதவில்லை. அதனால் போன வருடம் அதே புல்வெளியில் தட்டு கோல்ஃபையும் கொண்டுவந்தார். குழிக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பம், கம்பத்தில் இரும்புக் கூடை, கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த வீச்சில் போடுகிறாரோ அவர் கெட்டிக்காரர். அதில் பந்தும் குழியும், இதில் தட்டும் கூடையும். மற்றபடி நடப்பது, முணுமுணுப்பது, தன் கையை விட்டுவிட்டுக் காற்றைக் குறை சொல்வது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

பந்துக்காரர்களும் தட்டுக்காரர்களும் ஒரே புல்லில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். கண்ணமங்கலத்தில் உரக்கடை மூட்டை தூக்கி இடுப்பு போயிருந்த சமயம் இந்த வேலை கிடைத்தது. கையில் ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, கழுத்தில் விசில். பந்துக்காரர்தான் முதலில். அவர் அடித்து, நடந்து, தாண்டிப் போன பிறகு தட்டுக்காரருக்குப் பச்சை காட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பந்து மண்டையில் பட்டால் என்ன ஆகும், தட்டு கழுத்தில் பட்டால் என்ன ஆகும், மழைக்காலத்தில் அந்தச் சங்கிலியில் இடி இறங்கினால் யாரைக் கேட்பார்கள் என்று நான் ஒவ்வொரு கொடிக்கும் முன்னால் யோசிப்பேன். தட்டு எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்று கணக்குப் போடவும் பார்த்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். அந்தக் கணக்கு ஒன்பதாவதில் வருமாம்.

அன்று காலை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோ பார், சம்பந்தி வந்துகீறாரு. தட்டு வுடறதே அவருக்குப் புடிக்கல. இன்னிக்கு ஒரு தட்டு அவர் பக்கத்துல பறந்துச்சின்னு வெச்சிக்கோ, நாளைக்கே கூடைய எல்லாம் புடுங்கிடுவாங்க. கூடை இல்லன்னா நீ இன்னாத்துக்கு?"

"அப்ப தட்டுக்காரங்கள இன்னிக்கு வேணாம்னு சொல்லிடலாங்களே சார்?"

"அவங்க ரெண்டு நாளுக்குப் பணம் கட்டிக்கீறாங்கபா. அவங்க மூஞ்சி சுளிச்சாலும் கூடை போச்சு."

ஆக, இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் முகம் சுளித்தாலும் நான் மறுபடி உரமூட்டைக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கு நடுவே புளி. ஆறாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. நிலத்தை முதலாளிக்கு விற்ற மலைக்குடும்பம் மரத்தை விற்கவில்லை. இங்கே அது வழக்கம்தான். மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு. மாசி, பங்குனியில் வந்து உலுக்கிக்கொள்ளலாம் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கென்று பார்த்து அந்த அக்கா வந்துவிட்டாள். பழைய சேலைகளை ஒன்றாகத் தைத்த பெரிய விரிப்பை மரத்தடியில் விரித்து, கீழ்க்கொம்புகளைக் கழியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இன்னிக்கு ஒரு நாள் வேணாங்க்கா. முதலாளியோட சம்பந்தி வராரு."

"வரட்டும். புளி இன்னா உங்க சம்பந்திய கேட்டுகினா பழுக்குது?"

"பந்து வரும்க்கா. மண்டைல அடிச்சிடும்."

"எம் மண்டைய நான் பாத்துக்கிறேன். நீ உங் கொடிய பாரு."

அங்கேதான் தப்பு நடந்தது. சம்பந்தி பந்தருகே கால் அகட்டி நின்றுவிட்டார். அக்கா விரிப்பின் நடுவில் நிற்கிறாள். 'தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க' என்று நான் கையை ஆட்டினேன். ஆட்டிய கையில் பச்சைக் கொடி இருந்தது. பின்னால் காத்திருந்த பெங்களூர்ப் பெண் அதைப் பார்த்துத் தட்டை வீசிவிட்டாள். அதே நேரம் சம்பந்தியும் அடித்தார். தட்டு அவருடைய தொப்பிக்கு ஒரு முழம் மேலே பறந்து புளியமரத்துக்குள் போனது. பந்து அதன் பின்னாலேயே போனது. இலைக்குள் சடசடவென்று சத்தம். கீழே எதுவும் வரவில்லை.

நான் அதற்கப்புறம் விசில் ஊதினேன்.

சம்பந்தி தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்பது போல. மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே உரமூட்டையின் வாடை வந்தது.

"எம் பந்து எங்கய்யா?" என்றார் சம்பந்தி.

"மரத்துல," என்றார் பல் டாக்டர். அவர் அதுவரை ஒரே ஓர் அடி பின்தங்கியிருந்தார். இப்போது முகம் மலர்ந்திருந்தது. "வேற பந்து போட்டுக்குங்க. அபராதமா ஒரு அடி கூட்டிக்கணும், அவ்ளோதான்."

"அவ்ளோதானா? மூணு வருஷமா உங்ககிட்ட தோத்துகினு இருக்கேன், இன்னிக்கு ஒரு அடில போவணுமா? பந்து கீழ வரட்டும். வுழுந்த எடத்துலேர்ந்து அடிக்கிறேன்."

இந்தப் பக்கம் பெங்களூர்க் கணவன் மனைவியிடம், "விடும்மா, வேற தட்டு வாங்கிக்கலாம்," என்றார்.

"அது காலேஜ்ல ஜெயிச்ச தட்டு. உங்களுக்கு முன்னாடியே எங்கிட்ட இருக்கு," என்றாள் அவள். அவள் என்னிடம் திரும்பி, "அண்ணா, நீங்கதானே பச்சை காட்டினீங்க?" என்றாள். நான் இரண்டு கொடிகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

மரம் ஏற வேண்டும். வேறு வழியில்லை. ஏறப் போனவனை அக்கா கழியால் தடுத்தாள்.

"மரம் ஏறி உலுக்குறவனுக்கு நாலுல ஒரு பங்கு. மூணு பங்கு மரத்துக்காரிது. எங்க மலைல இதான் மொறை. சம்மதம்னா ஏறு."

"நான் புளிக்கு ஏறலக்கா, தட்டுக்கும் பந்துக்கும்."

"மரத்துலேர்ந்து எது வுழுந்தாலும் மரத்துலேர்ந்து வுழுந்ததுதான். சம்மதமா, இல்லியா?"

தலையாட்டிவிட்டு ஏறினேன். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் நான் ஏறினதில்லை. பாதி வழியில் செவ்வெறும்பு கணுக்காலைப் பிடித்தது. கீழே பார்க்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்ததால் கீழே பார்த்தேன். ஏழு பேரில் ஆறு பேர் அண்ணாந்து நின்றார்கள். ஆடும் அண்ணாந்திருந்தது. விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தால் நல்லது என்று யோசித்துக்கொண்டே இரண்டு கையாலும் கொம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உலுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. என் நடுக்கத்திலேயே கொம்பு ஆடியது. புளி பொலபொலவென்று கொட்டியது. கூடவே ஒரு தட்டு, அப்புறம் எப்போதோ யாரோ தொலைத்த இரண்டு பழைய தட்டுகள், கடைசியாகப் பந்து. எல்லாம் அக்காவின் விரிப்பிலேயே விழுந்தன.

நான் இறங்கி வருவதற்குள் அக்கா நான்கையும் வரிசையாக வைத்துவிட்டாள்.

"நாலு உருப்படி. ஒண்ணு உன்னுது. எது வேணுமோ எடுத்துக்கோ."

பந்தை எடுத்தால் பெங்களூர்ப் பெண் கோபித்துக்கொண்டு கிளம்புவாள், கூடை போகும். அவள் தட்டை எடுத்தால் சம்பந்தி தோற்பார், கூடை போகும். இரண்டு பழைய தட்டுகளில் ஒன்றை எடுத்தால் எனக்குப் பைத்தியம் என்று சொல்வார்கள், நானும் போவேன்.

"இந்தம்மா யாரு? வெளியாளு. பந்த தொடவே கூடாது," என்றார் சம்பந்தி.

"அதெப்படி வெளியாளு?" என்றார் டாக்டர். "மரம் மைதானத்துல கீது. இவங்க மரத்துக்காரங்க. அப்ப இவங்களும் மைதானத்துல சேர்த்திதான். குட்டையில வுழுந்தா குட்டைகிட்ட பந்த கேப்பீங்களா?"

"என்னிய குட்டைன்றியா?" என்றாள் அக்கா. டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

நான் தட்டை எடுத்தேன். ஏன் என்றால், பெங்களூர்ப் பெண் நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சம்பந்தி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் காரணம். தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு அக்காவின் காதருகே குனிந்தேன்.

"யக்கா, அந்தப் பந்த எனக்கு வெலைக்குக் குடு. சத்தமா சொல்லாத."

"ஐந்நூறு."

"கடைல புதுசே அவ்ளோ ஆவாதுக்கா!"

"கடைக்குப் போய்ட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

முந்நூறுக்கு இறங்கினாள். மேனேஜர் நடுவில் வந்து என் காதில், "சம்பந்திகிட்ட காசுன்னு வாய தொறந்த, அவ்ளோதான்," என்றார். விடுதிப் பணத்தில் கொடுக்கலாமே என்றேன். "இன்னான்னு கணக்கு எழுதுறது? மரத்துகிட்ட பந்து வாங்கினதுன்னா?" என்றார். என் சட்டைப்பையில் இருபது ரூபாய் இருந்தது. பெட்ரோலுக்கு வைத்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அத நீயே வெச்சிக்கோ. கடன்தான்," என்றாள்.

இப்போது டாக்டர், வுழுந்த எடத்துலேர்ந்து என்றுதானே சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டார். சம்பந்தியும் விடவில்லை. பந்தைப் புளிக்கு நடுவில் அது விழுந்த இடத்திலேயே வைக்கச் சொல்லி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு விரிப்பில் ஏறினார். அக்கா, "சாமி, புளி, புளி!" என்று கத்தினாள். அவர் மட்டையைச் சுழற்றினார். புளி நாலா பக்கமும் தெறித்தது. ஒரு பழம் மேனேஜர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பந்து புளியோட்டைத் தூவிக்கொண்டே எழும்பி, புல்லில் உருண்டு, குழியில் நட்டிருந்த கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது.

முதலில் கைதட்டியது பெங்களூர்ப் பெண். "சார், சூப்பர் சார்!" என்றாள். சம்பந்தி அறுபத்தைந்து வயதில் சிவந்துபோனார். காலுறையில் புளி ஒட்டியிருக்க, டாக்டரைப் பார்த்து, "எண்ணுங்க, எத்தினி அடின்னு எண்ணுங்க," என்றார்.

அன்று அவர் ஜெயித்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. மதியச் சாப்பாட்டின்போது முதலாளிக்குப் போன் போட்டு, அந்தப் புளியமரக் குழிதான் மைதானத்திலேயே நல்ல குழி, அங்கே ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னாராம். தன் தலைக்கு மேல் தட்டு பறந்ததை அவர் சொல்லவே இல்லை. மேனேஜர் வந்து, "கூடை இருக்குதாம். நீயும் இருக்கியாம்," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் சம்பந்தி அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்க ஆசைப்பட்டால் யார் மரம் ஏறுவது என்றுதான் யோசித்தேன்.

சாயங்காலம் அக்கா மூட்டை கட்டும்போது கணக்குச் சொன்னாள். பந்து முந்நூறு. மட்டையடியில் நசுங்கிய புளிக்கு நூறு. நான் உலுக்கியதில் என் கால் பங்குப் புளி எண்பது ரூபாய், அதைக் கழித்துக்கொண்டாள். முந்நூற்று இருபது.

"யக்கா, நசுக்கினது அவருதானே?"

"அவர ஏத்தி வுட்டது யாரு?"

சம்பளம் வந்ததும் நூறு கொடுத்தேன். போன வாரம், விடுதிச் சமையலுக்குச் சாமை கொண்டுவந்த அக்காவிடம் இன்னும் ஐம்பது கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, "அவசரமில்ல தம்பி, மரம் எங்க போவப்போவுது," என்றாள். அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பாக்கி நூற்று எழுபது ரூபாய்.