நிழல் கோடுகள் சாய்ந்த பக்கம்

போன வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் வீடு. துறைமுகச் சரக்குகளுக்குக் காகித வேலை பார்க்கும் ஆபீசில் பதினெட்டு வருடமாக வேலை. வரும் காகிதங்களில் கையெழுத்து சரியா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டிருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம்தானா என்பார் என் கணவர்.

சித்திரக்கதை என்றால் எனக்கு உயிர். எங்கள் பக்கத்து ரசிகர்கள் இருபது பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு அந்த மாடியில் கூடுவோம். டீ, கடைக்காரர் உபயம். பேச்சு பெரும்பாலும் ஓர் ஓவியரைப் பற்றியே இருக்கும். இழுவைப்படகு ஓட்டும் ஒருவனை நாயகனாக வைத்து, வார இதழ் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வாரம் ஒரு பக்கம் வரைபவர். எண்ணூர்க்காரர். ஆனால் நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் அவர் ஒரு கிரேன் வரைந்தால் அதிலுள்ள போல்ட்டை எண்ணலாம். நடுவில் கம்ப்யூட்டருக்கு மாறினார், திட்டித் தீர்த்தோம். மறுபடி மை தொட்டு வரையும் பேனாவுக்கே வந்தார், கொண்டாடினோம். பிறகு மூன்று மாதம் தொடரே வரவில்லை. திரும்பி வந்தபோது படம் அடியோடு மாறியிருந்தது. கப்பலுக்கு நாலு கோடு, கடலுக்கு ஒரு கோடு, முகமெல்லாம் கோணல்.

குழுவில் ஒரே சண்டை. சோம்பேறித்தனம் என்றார் கடைக்காரர். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் மட்டும், “இப்பதான்மா கடலு கடலு மாதிரி கீது” என்றார். நான் லென்ஸை எடுத்தேன். பழைய படங்களில் நிழலுக்குப் போட்ட கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. புதியவற்றில் அத்தனையும் எதிர்ப்பக்கம். ஒருவருடைய கோட்டின் சாய்வு லேசில் மாறாது. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேனே. வேறு யாரோ வரைகிறார்கள், இவர் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பு அம்பு போட்டுக் குழுவில் அனுப்பினேன். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே, என் வேலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்ததையும் சொல்லி இதழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்தொன்பது பேர் பெயர் போட்டோம். காசிமேட்டு அண்ணன் போடவில்லை.

ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஓவியர் எங்கள் கூட்டத்துக்கே வந்து வரைந்து காட்டுவார். அதை வீடியோ எடுத்து அன்றே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தொடர் நிறுத்தப்படும்.

சொன்னபடி வந்தார். என் வயதுதான் இருக்கும். தோளில் துணிப்பை, வலது கை பேன்ட் பாக்கெட்டில். கடைக்காரர் நீட்டிய டீயை இடது கையால் வாங்கினார். வலது கையை வெளியே எடுக்கக்கூட மனமில்லையா, அவ்வளவு தலைக்கனமா என்று எங்களுக்கு முகம் சுருங்கியது. கையையே வேலையாகப் பார்க்கும் எனக்கும் அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

கடிதம் எழுதியது யார் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். கீழே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வரைகிறேன், வீடியோ மட்டும் வேண்டாம் என்றார் அவர். ஆள் மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரு துள்ளல். எழுந்து நின்று, “வீடியோ இல்லாம எப்படி? அதுக்குத்தானே வரச் சொன்னது” என்றேன்.

எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலும் அடுத்த விரலும் மட்டும் இருந்தன.

“நான்தாம்மா வரையறேன். கைதான் வேற.”

எண்ணூர் சாலையில் பைக் சறுக்கி விழுந்ததில், லாரிச் சக்கரம் கைமேல் ஏறிவிட்டதாம். தொடர் வராத அந்த மூன்று மாதமும் இடது கையால் கோடு போடப் பழகியிருக்கிறார். மஞ்சள் காமாலை என்று மட்டும் இதழுக்குச் சொல்லியிருக்கிறார். “கை பூட்சின்னு தெரிஞ்சா வேற ஆள வெச்சிடுவாங்க. இத்த வுட்டா எனுக்கு இன்னா கீது?” என்றார்.

பிறகு இடது கையில் பேனாவைப் பிடித்து வரைந்தார். நிழல் கோடுகள், நான் அம்பு போட்டுக் காட்டிய அதே பக்கம் சாய்ந்து விழுந்தன.

இப்போது என்ன செய்வது? வீடியோ அனுப்பாவிட்டால் தொடர் போய்விடும். அனுப்பினால், இத்தனை நாள் அவர் மறைத்தது வெளியே வந்துவிடும். வீடியோவை போனிலேயே இடம் வலமாகத் திருப்பிவிட்டால் வலது கை மாதிரித் தெரியும் என்று யோசனை சொன்னார் கடைக்காரர். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஓவியர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏமாத்துறேன்னு எழுதினீங்க. இப்ப நீங்களே ஏமாத்த சொல்றீங்களே” என்றார். அப்படியே எடுங்கள், நடப்பது நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்படியே எடுத்தோம். கூடவே, நான் சொன்னது தப்பு என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை இருபது பேரும் பெயர் போட்டோம்.

அடுத்த வியாழக்கிழமை தேரடி பேப்பர் கடையில் இதழைப் பிரித்தேன். அவர் தொடர் வர வேண்டிய பக்கத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன், அதையும் கைதட்டல் வாங்கிக்கொண்டே செய்தேன் என்று அந்த வாரம் முழுக்க மனசு அரித்தது.

அதற்கடுத்த வியாழன் தொடர் வந்திருந்தது. பெயருக்குக் கீழே ‘இடது கையால்’ என்று சின்னதாகப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டத்தில், லென்ஸும் கையுமாக ஒரு துறைமுகக் குமாஸ்தா அம்மாள், திருடனை விட்டுவிட்டு நம் நாயகனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கு என் மூக்குதான். கடை வாசலில் நின்று சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்றும் என் மேஜைக்கு வரும் காகிதத்தில் கையெழுத்து மாறியிருந்தால் நான் விடுவதில்லை, ஆனால் சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் கையெழுத்துக்காரருக்கு போன் செய்து, “சார், கைக்கு ஒண்ணும் இல்லையே?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.